கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் சுகாதாரக் கல்வி: தொழில்சார் சங்கம் ஒன்றை அமைத்து முதலாண்டை நடத்துவது எப்படி?

கொழும்பில் பாடசாலைச் சுகாதாரத்துக்குப் பொறுப்பானவர்கள் இல்லாமலில்லை. பாடத்திட்டத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் இருக்கிறது. எம்.ஓ.எச். என்று எல்லோரும் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி இருக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். அப்படியிருந்தும் தரம் 7 இல் பார்வைக் குறைவு என்று எழுதப்பட்ட பிள்ளை, தரம் 10 பரிசோதனைக்கும் கண்ணாடியில்லாமல் வந்து நிற்கக்கூடும். எழுதியவர் தன் வேலையைச் செய்துவிட்டார். வைத்தியசாலைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த துண்டு பாடசாலைப் பையின் அடியில் கசங்கிப் போயிற்று. வீட்டில் யாரும் அதைப் பார்க்கவில்லை. வகுப்பாசிரியருக்கும் தெரியாது.

ஒரு தொழில்சார் சங்கம் செய்ய வேண்டிய வேலை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பதாகை கட்டி ஒருநாள் கருத்தரங்கு வைப்பதற்குச் சங்கம் தேவையில்லை. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும்போது நழுவிவிடும் விடயங்களைப் பிடித்துக்கொள்ளவே சங்கம் வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்தை வைத்தே எழுதப்பட்டவை.

படி 1: யாரைச் சேர்ப்பது

முதல் குழுவுக்கு ஏழெட்டுப் பேர் போதும், ஆனால் எல்லோரும் ஒரே தொழிலாக இருக்கக்கூடாது. சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர் அல்லது மூவர், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், சமுதாய மருத்துவம் தெரிந்த வைத்தியர் ஒருவர், பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஒருவர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர், மனைப்பொருளியல் ஆசிரியர் அல்லது போசணை படித்தவர் ஒருவர். இவர்களில் இரண்டு பேராவது சிங்களத்தில் கடிதம் எழுதவும் தொலைபேசியில் பேசவும் வல்லவர்களாக இருக்க வேண்டும். கொழும்பு அலுவலகங்களில் பாதி வேலை அதிலேயே நடக்கும் அல்லது நிற்கும்.

வைத்தியர்கள் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கச் சங்கமொன்றின் வரலாறு பாடமாக இருக்கிறது. 1927 இல் அங்கே பாடசாலை வைத்தியர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, 1936 இல் கதவைத் திறந்து பாடசாலைச் சுகாதாரத்தில் ஈடுபடும் மற்றத் தொழிலினரையும் சேர்த்துக்கொண்டது. பெயரையும் அமெரிக்கப் பாடசாலைச் சுகாதாரச் சங்கம் என்று மாற்றியது. நாம் அந்த ஒன்பது வருடத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. முதல் நாளிலிருந்தே ஆசிரியரை நடுவில் வையுங்கள். பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான்.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்கள் சங்கப் பதவி ஏற்குமுன் தங்கள் நிறுவனத் தலைவருக்கு எழுத்தில் தெரியப்படுத்திப் பதில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால், வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் செயலாளர் விலக வேண்டிவரும்.

படி 2: யாப்பும் பதிவும்

யாப்பு நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நோக்கம், உறுப்பினர் வகை, சந்தா, கூட்டத்துக்கான ஆகக்குறைந்த எண்ணிக்கை, வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம், வருடாந்தக் கணக்காய்வு ஆகியவை எல்லாச் சங்கங்களுக்கும் பொது. பாடசாலைக்குள் போகும் சங்கத்துக்கு மேலும் மூன்று வாசகங்கள் கட்டாயம் வேண்டும்.

ஒன்று, அனுசரணை. புகையிலை, மதுபானக் கம்பனிகளிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை என்று எழுதுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை உருவாக்கிய 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் அவற்றின் அனுசரணைக்குத் தடை போடுகிறது. அதோடு நிற்காமல் இனிப்புப் பானம், பொதிசெய்த தின்பண்டம் விற்பவர்களையும் பட்டியலில் சேருங்கள். சீனியைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, குளிர்பானக் கம்பனியின் பெயர் போட்ட தொப்பியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அவர்கள் மனதில் நிற்பது தொப்பிதான்.

இரண்டு, சிறுவர் பாதுகாப்பு. சங்கத்தைச் சேர்ந்த எவரும் பிள்ளையோடு தனியறையில் இருக்கக்கூடாது. பிள்ளையின் படத்தைத் தன் கைத்தொலைபேசியில் எடுக்கவோ நேரடியாகச் செய்தி அனுப்பவோ கூடாது. பாடசாலை ஆசிரியர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும்.

மூன்று, தகவல். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகக் கணக்கெடுக்கிறது. பிள்ளையின் பெயரோடு கூடிய பதிவேடு பாடசாலையின் பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். சங்கத்துக்கு எண்ணிக்கை மட்டும் போதும்.

பதிவைப் பொறுத்தவரை, 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது ஒரு வழி. ஆனால் கம்பனிச் செயலாளர், வருடாந்த விவரத்திரட்டு, கணக்காய்வு என்று செலவு தொடரும். மூன்று பாடசாலைகளோடு தொடங்கும் சங்கத்துக்கு முதலாண்டில் அந்தப் பாரம் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கை மூன்றையும் கொண்டுபோய் உங்கள் பிரதேச செயலகத்தில் என்ன பதிவு பொருந்தும் என்று கேளுங்கள். வங்கிக் கணக்குத் திறக்கவும் இவை மூன்றையும்தான் கேட்பார்கள்.

படி 3: எந்தக் கதவை முதலில் தட்டுவது

கொழும்பில் பலர் வழி தவறுவது இங்கேதான். பாடசாலை தேசியப் பாடசாலையா, மாகாணப் பாடசாலையா என்று முதலில் பாருங்கள். தேசியப் பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ் வரும். மாகாணப் பாடசாலை மேல்மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ், வலயக் கல்விப் பணிமனை வழியாக இயங்கும். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என நான்கு வலயங்கள் உள்ளன. அதிபர் நல்ல மனதோடு தலையாட்டினாலும், மேலிடத்து அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே போக வேண்டாம். ஏதாவது முறைப்பாடு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

சுகாதாரப் பக்கத்தில் எல்லை வேறு விதமாக ஓடும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு மாநகரசபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருவன. வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் கால் வைத்தவுடன் எம்.ஓ.எச். பிரிவும் மாறிவிடும், அவருக்கு மேலே இருக்கும் நிருவாகமும் மாறிவிடும். வெள்ளவத்தைப் பாடசாலைக்குத் தெஹிவளை அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பது வீண்.

பாடசாலைச் சுகாதாரத்தைத் தேசிய மட்டத்தில் வழிநடத்துவது டி சேரம் பிளேஸில் உள்ள குடும்ப சுகாதாரப் பணியகம். சுவரொட்டி, கையேடு, காணொளி ஆகியவற்றுக்குக் கின்சி வீதியிலுள்ள சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தைக் கேளுங்கள். முன்பு சுகாதாரக் கல்விப் பணியகம் என்று அழைக்கப்பட்டது அதுதான். ஆசிரியர் வழிகாட்டிகள் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகின்றன. புதிதாக ஒரு வரி எழுதுமுன் இந்த மூன்று இடத்திலும் தமிழில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருப்பதை மறுபடி அச்சடிப்பதில் சங்கத்தின் பணம் கரையக்கூடாது.

கடிதம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே தாளின் இரு பக்கத்தில் இருக்கட்டும். எத்தனை பாடவேளை வேண்டும், எந்தத் தரம், யார் யார் வருவார்கள், பாடசாலை என்ன செலவழிக்க வேண்டும் ஆகிய நான்கையும் முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். பாடசாலை ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

படி 4: மூன்று பாடசாலை, ஒரு நாள் நடை

முதலாண்டில் மூன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரு பெண்கள் பாடசாலை, ஒரு கலவன், ஒரு முஸ்லிம் பாடசாலை என்று எடுத்தால் கொழும்பின் தமிழ்மொழிப் பிள்ளைகளின் வாழ்க்கை ஓரளவு முழுதாகத் தெரியும். முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு விடுமுறையால் தவணை வேறுபடும், வெள்ளிக்கிழமையும் முன்னதாக முடியும். நாட்காட்டியை அந்த அதிபரோடு இருந்தே போடுங்கள்.

பாடசாலைகளைத் தெரிவுசெய்த பின் பாடம் எதுவும் நடத்தாமல் ஒரு நாள் நடந்து பாருங்கள். காலை 7.30 க்கு முன் வாசலில் நில்லுங்கள், இடைவேளையில் குழாயடியில் நில்லுங்கள், 1.30 க்கு மறுபடி வாசலுக்கு வாருங்கள். கையில் ஒரு கொப்பி போதும். மலசலகூடங்களை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பாடசாலை வழிகாட்டி 25 மாணவிகளுக்கு ஒன்று, 50 மாணவர்களுக்கு ஒரு மலசலகூடமும் ஒரு சிறுநீர் கழிப்பிடமும் என்கிறது. 480 மாணவிகள் இருந்தால் 20 வேண்டும். கட்டடத்தில் 20 இருப்பதையும் பூட்டில்லாமல், தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு 20 இருப்பதையும் தனித்தனியாக எழுதுங்கள்.

குழாய்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கைகழுவச் சவர்க்காரத்தோடு 20 விநாடி, நனைத்து அலசி நகர இன்னும் 10 விநாடி, ஆக ஒரு பிள்ளைக்கு 30 விநாடி. இடைவேளை 20 நிமிடம் என்றால் ஒரு குழாயில் 40 பிள்ளைகள் கழுவலாம். 600 பிள்ளைகளுக்கு 15 குழாய் தேவை. ஐந்து குழாய் உள்ள பாடசாலையில் கைகழுவுதல் பற்றி ஐந்து பாடம் நடத்தினாலும் 400 பிள்ளைகள் கழுவாமல்தான் சாப்பிடுவார்கள், பிழை அவர்களுடையதும் இல்லை. அங்கே முதல் வேலை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடும் பழைய மாணவர் சங்கத்தோடும் பேசி நீளக் குழாயில் துளையிட்டுப் பல வாய் வைத்த தொட்டி ஒன்று கட்டுவது. அதுவரை இடைவேளையை ஆரம்பப் பிரிவுக்கும் மேற்பிரிவுக்கும் 10 நிமிடம் முன்பின்னாக விடச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள்.

படி 5: பாடத்தை அமைத்தல்

சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6 முதல் 9 வரை எல்லோருக்கும் உண்டு. சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடமாகிவிடுகிறது. ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் தொட வேண்டுமானால் தரம் 6 முதல் 9 வரையிலான காலத்தைப் பிடிக்க வேண்டும். புதிய பாடநெறி கொண்டுபோக வேண்டாம். ஆசிரியரின் வேலைத்திட்டத்தில் அந்த மாதம் என்ன அலகு வருகிறதோ அதற்குள் ஒரு பாடவேளையை எடுத்து, செய்து பார்க்கும் பாடமாக மாற்றிக் கொடுங்கள். நடத்துபவர் ஆசிரியராகவே இருக்கட்டும், சங்கத்தவர் பக்கத்தில் நின்று உதவட்டும். வெளியாள் நடத்தும் பாடம் வெளியாளோடு போய்விடும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வந்து அமர, பெயர் பார்க்க ஐந்து நிமிடம் போய்விடும். மிச்சம் 35 நிமிடத்துக்கு ஒரே ஒரு செயல். உதாரணமாகச் சீனிப் பாடம்.

தேவையானவை: சமையலறைத் தராசு ஒன்று, சீனி அரைக் கிலோ, தேக்கரண்டி, சிறு பொலித்தீன் பை 10, பிள்ளைகள் வாசலில் வாங்கும் பானங்களின் வெற்றுப் போத்தல்கள். இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் பானங்களில் சீனிக்கு நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைவென்றால் பச்சை. பிள்ளைகள் போத்தலைப் பார்த்து நிறத்தைச் சொல்லட்டும். பிறகு முழுப் போத்தலுக்கும் கணக்குப் போடட்டும். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் உள்ள மஞ்சள் பானம் 400 மில்லிலீற்றர் போத்தலில் வந்தால் 40 கிராம் சீனி. தராசில் நிறுத்துப் பையில் போட்டால், தேக்கரண்டி 5 கிராம் என்ற கணக்கில் எட்டுக் கரண்டி. மஞ்சள் நிறம் என்பதால் பரவாயில்லை என்று நினைத்த பிள்ளையின் கையில் அந்தப் பை இருக்கும்போது வேறு விளக்கம் தேவைப்படாது. நிறம் 100 மில்லிலீற்றருக்கு, குடிப்பது போத்தலுக்கு என்பதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

கடைசி எட்டு நிமிடத்தில் வீட்டுப் பிளேன்ரீக்கு வாருங்கள். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 45 கிராம். ஒரு கிழமைக்குக் கோப்பைக்கு அரைக் கரண்டி குறைத்து, கொப்பியின் பின்பக்கத்தில் நாளுக்கொரு புள்ளி போடச் சொல்லுங்கள். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, வீட்டு வேலையாகச் சுவரொட்டி வரையச் சொல்வது. நன்றாக வரையும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்கும், சீனி குறையாது.

சொற்களில் கவனம் வேண்டும். பாடநூல் தமிழும் வீட்டுப் பேச்சும் ஒன்றல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு சொல், மாளிகாவத்தையில் வேறு சொல், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வீட்டில் இன்னொரு சொல். மாதவிடாய் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் தங்கள் வீட்டில் புழங்கும் சொல்லைத் துண்டில் எழுதித் தரட்டும். அதைக் கேலி செய்யாமல் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பாடநூல் சொல்லை எழுதி, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாய்திறந்து கேட்க முடியாத கேள்விகளுக்குப் பூட்டிய கேள்விப்பெட்டி வையுங்கள். பெட்டியை ஆசிரியரும் சங்கத்தவரும் சேர்ந்தே திறக்க வேண்டும். அடுத்த பாடவேளையில் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதம் பதில் வராத பெட்டியில் பிறகு மிட்டாய்த் தாள்தான் கிடக்கும்.

படி 6: மருத்துவப் பரிசோதனை நாள், அதற்குப் பின்வரும் கிழமைகள்

சங்கத்தின் உழைப்பில் பாதியை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள்.

200 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பாடசாலைகளில் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை எம்.ஓ.எச். குழு பரிசோதிக்கிறது. சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். உயரம், நிறை, பார்வை ஆகிய முதற்கட்ட அளவுகளில் ஆசிரியர்களின் உதவி தேவைப்படும். சங்கம் பரிசோதனை செய்ய வேண்டாம், அது அவர்கள் பொறுப்பு. ஆசிரியர்களைச் சரியாக அளக்கப் பழக்குவது நம் பொறுப்பு.

உயரம்: சப்பாத்தைக் கழற்றி, குதிக்கால், பின்புறம், தோள்பட்டை சுவரில் பட, கண் நேரே பார்க்க நிற்க வேண்டும். நம் பாடசாலைகளில் பிழை வருவது தலைமுடியில். உச்சியில் கொண்டை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், றிபன் முடிச்சு எல்லாம் அளவுபலகையை உயர்த்திவிடும். 38 கிலோ நிறையுள்ள பிள்ளை 1.40 மீற்றர் என்றால் உடற்திணிவுச் சுட்டி, அதாவது நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 19.4. கொண்டையால் 3 சென்ரிமீற்றர் கூடி 1.43 என்று எழுதினால் அது 18.6 ஆகிவிடும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை இப்படித்தான் தவறிப்போகும். முடிச்சை அவிழ்க்கச் சொல்லுங்கள், திரும்பக் கட்ட ஒரு பெரிய வகுப்பு மாணவியை நிறுத்துங்கள்.

நிறை: தராசைச் சீமெந்து அல்லது ஓடு பதித்த தரையில் வையுங்கள், பாயில் வைத்தால் பிழை காட்டும். காலையில் தெரிந்த நிறையொன்றை வைத்துச் சரிபாருங்கள். எண்ணைச் சத்தமாக வாசிக்கவே கூடாது. எழுதுபவர் தராசை நேரே பார்க்கும்படி அமர்ந்தால் வாசிக்கத் தேவையில்லை. வரிசையில் நிற்பவர்கள் காதில் விழுந்த ஒரு எண் ஒரு பிள்ளையின் பட்டப்பெயராக மூன்று வருடம் நீடிக்கும்.

பார்வை: அட்டை 6 மீற்றரில் இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 19 அடி 8 அங்குலம். வகுப்பறையில் அந்த நீளம் கிடைக்காமல் 4 மீற்றரில் வைத்துவிட்டால் எழுத்து ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், குறையுள்ள பிள்ளையும் வாசித்துவிடும். மண்டபத்தையோ நடைகூடத்தையோ எடுத்து, நாடாவால் அளந்து தரையில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். மறுகண்ணை உள்ளங்கையைக் குவித்து மூடட்டும், விரல்களால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள். வரிசை அறைக்கு வெளியே நிற்கட்டும். உள்ளே நின்றால் முறை வருமுன் கடைசி வரி மனப்பாடமாகிவிடும். எழுத்துத் தெரியாத தரம் 1 பிள்ளைக்குத் திசை காட்டும் அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனை முடிந்த அன்றைக்கே உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு நீளக் கொப்பியில் தொடர்பதிவேடு திறவுங்கள். நிரல்கள் ஆறு: பிள்ளையின் சேர்வு இலக்கம், கண்ட குறை, எங்கே அனுப்பப்பட்டது, பெற்றாருக்குச் சொன்ன திகதி, போன திகதி, முடிவு. பெயர் வேண்டாம், சேர்வு இலக்கம் போதும். பதிவேட்டை வைத்திருப்பவர் ஒரே ஒரு ஆசிரியர். அவர் பெயரை அதிபர் எழுத்தில் குறிக்க வேண்டும்.

துண்டைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். வகுப்பாசிரியர் பெற்றாரை அழைத்து நேரில் கொடுக்கட்டும், வர முடியாதவருக்குத் தொலைபேசியில் சொல்லட்டும். துண்டோடு தமிழில் ஒரு சிறு தாளும் சேருங்கள்: எந்த வைத்தியசாலை, எந்தக் கிளினிக், என்ன கிழமை, எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், எந்தப் பேருந்து, கையில் என்ன கொண்டுபோக வேண்டும். கண்ணுக்குத் தேசிய கண் வைத்தியசாலை, சிறுவர் நோய்களுக்கு லேடி ரிட்ஜ்வே, பல்லுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையம் என்று பெரும்பாலான பெற்றாருக்குத் தெரியும். தெரியாதது எந்தக் கதவு, எந்த நேரம் என்பவைதான். நாட்கூலிக்குப் போகும் தகப்பன் ஒரு நாளை இழந்து போய், இன்றைக்குக் கிளினிக் இல்லை என்று திரும்பி வந்தால் இரண்டாம் முறை போகமாட்டார். ஆகவே அந்த விவரத்தைத் தவணைக்கு ஒருமுறை சங்கத்தவர் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

இரண்டு கிழமைக்குப் பின் பதிவேட்டைத் திறந்து, போகாதவர்களைக் கேளுங்கள். ஆறு கிழமைக்குப் பின் மறுபடி கேளுங்கள். அப்போதும் போகாதவர்களின் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். அவர்களுக்கு வீடு தெரியும். கண்ணாடி கிடைத்தும் போடாத பிள்ளைகள் இருப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று எடுக்க வேண்டாம், பெரும்பாலும் கேலிக்குப் பயம். வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையை முன்வாங்குக்கு மாற்றி, கண்ணாடி போடும் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தினால் போதும்.

தடுப்பூசிக்கும் இதே ஒழுங்குதான். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. தரம் 7 இல் ஏற்பு, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி. பெண் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஊசி, பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதா என்ற பயம் தாய்மாருக்கு வரும். சம்மதக் கடிதம் போகுமுன் பெற்றார் கூட்டத்தில் வைத்தியரே தமிழில் பேசி, கேள்வி முடியும்வரை இருக்க வேண்டும். ஊசி நாளில் பிள்ளைகள் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும், போட்டபின் 15 நிமிடமாவது கதிரையில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் பயத்தோடு நின்ற ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், ஊசியால் வந்தது என்ற கதை அரைமணியில் வாசலைத் தாண்டிவிடும்.

கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் இரும்பு, ஃபோலேட் குளிசை இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியர் முன்னிலையில் விழுங்கப்பட வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அடுத்த கிழமை குளிசை பூச்சாடிக்குள் போகும். மலம் கறுப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேருவது குறையும், கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் கூடும் என்பதையும் அன்றைக்கே சொல்லலாம்.

படி 7: டெங்கு, வெள்ளிக்கிழமை அரைமணி

2017 இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். கொழும்பில் பிள்ளை வைத்திருக்கும் எவருக்கும் அந்த வருடம் மறக்காது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகையால் துப்புரவு மாதத்துக்கு ஒருமுறை நடந்தால் பயனில்லை, ஏழு நாளுக்கு ஒருமுறை நடக்க வேண்டும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் தேய்த்துக் கழுவ வேண்டியது அதனால்தான்.

கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, பாவிக்காத மலசலகூடத் தொட்டி, சிற்றுண்டிச்சாலைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மேடைக்குப் பின்னால் குவித்த உடைந்த கதிரைகள், விளையாட்டுக் களஞ்சியத்துப் பழைய ரயர் ஆகியவற்றுக்கு இலக்கமிட்டு வரைபடம் போட்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் நிரந்தரமாக இரண்டு இடம் கொடுங்கள். கூரைப்பீலிக்குப் பிள்ளைகள் ஏறக்கூடாது, அது பெரியவர்கள் வேலை. விடுமுறையில் பாடசாலை மூடியிருக்கும் கிழமைகள்தான் ஆபத்து. கடைசி நாளிலும், திறப்பதற்கு இரண்டு நாள் முன்பும் ஒரு சுற்று வேண்டும்.

படி 8: சிற்றுண்டிச்சாலையும் வாசலும்

சிற்றுண்டிச்சாலை நடத்துபவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் வருடாந்தம் கேள்விப்பத்திரம் போட்டு, வாடகை கட்டி எடுத்தவர். ரோல்ஸும் பற்றிஸும் விற்றால்தான் அது மீளும் என்று கணக்குப் போட்டே எடுத்திருப்பார். நடுவில் போய்ச் சுண்டல் விற்கச் சொன்னால் எப்படிச் சம்மதிப்பார்? ஆகவே கேள்விப்பத்திரம் கோருவதற்கு இரண்டு மாதம் முன்பே அதிபரோடும் அபிவிருத்திச் சங்கத்தோடும் அமர்ந்து, கல்வி அமைச்சின் சிற்றுண்டிச்சாலைச் சுற்றுநிருபத்தை வைத்து நிபந்தனைகளை எழுதுங்கள். தினமும் இரண்டு அவித்த உணவு, ஒரு பழம், காலையில் இலைக்கஞ்சி, நிறக்குறி சிவப்பான பானம் இல்லை, பொரித்த எண்ணெயை மறுநாள் பாவிப்பதில்லை என்பவற்றை எழுதி, வாடகையையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள். வாடகையைக் குறைக்காமல் நிபந்தனையை மட்டும் கூட்டினால் முதல் மாதத்திலேயே மீறுவார்கள்.

வாசலில் அச்சாறும் ஐஸ் பக்கற்றும் விற்பவர்கள் பெரும்பாலும் அதே வட்டாரத்து ஏழைகள். துரத்தினால் அடுத்த சந்திக்குப் போவார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாக மூடிய பாத்திரம், சுத்தமான தண்ணீர், கையுறைக்குப் பதில் இடுக்கி என்று பழக்குவது மெதுவான வழி, ஆனால் நிற்கும் வழி. புகையற்ற புகையிலையும் இலத்திரனியல் சிகரட்டும் வேறு விடயம். அவை 2016 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டவை. சிகரட்டை 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதும் குற்றம். அங்கே பேச்சு இல்லை, முறைப்பாடுதான்.

படி 9: பிள்ளை ஒன்றைச் சொன்னால்

நல்ல சுகாதாரப் பாடம் நடந்தால் யாராவது ஒரு பிள்ளை வந்து வீட்டிலோ வகுப்பிலோ தனக்கு நடப்பதைச் சொல்லும். அதற்குத் தயாராக இல்லாமல் பாடம் தொடங்கவே கூடாது. குறுக்கிடாமல் கேளுங்கள். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், உன்னைக் காப்பாற்ற யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். துருவிக் கேட்பதும் ஆராய்வதும் நம் வேலையல்ல. பிள்ளை சொன்னதை அதே சொற்களில், நேரம் திகதியோடு அன்றே எழுதி அதிபரிடம் கொடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அதிபர் தயங்கினாலும் அழைக்கும் பொறுப்பு கேட்டவருக்கு உண்டு. மனநல உதவிக்கு 1926, அம்புலன்ஸுக்கு 1990. மூன்று இலக்கத்தையும் மலசலகூடக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். பிள்ளை தனியாக நின்று வாசிக்கக்கூடிய இடம் பாடசாலையில் அது ஒன்றுதான்.

படி 10: வருட முடிவு

ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். இயங்கும் குழாய்கள் வருடத் தொடக்கத்தில் எத்தனை, இப்போது எத்தனை. அனுப்பப்பட்ட பிள்ளைகள் எத்தனை, சிகிச்சை முடிந்தவர்கள் எத்தனை. வெள்ளிக்கிழமைத் துப்புரவு எத்தனை வாரம் நடந்தது, எத்தனை வாரம் தவறியது. நடத்திய கருத்தரங்கின் எண்ணிக்கையை எழுத வேண்டாம். தாளை அதிபருக்கும் வலயப் பணிமனைக்கும் எம்.ஓ.எச். அலுவலகத்துக்கும் கொடுங்கள். நான்காவது பாடசாலையை எடுப்பதா என்பதை இந்தத் தாள்களைப் பார்த்த பிறகு பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம். அனுப்பியவர்களில் பாதிப்பேர்கூடச் சிகிச்சைக்குப் போகவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் அதே மூன்று பாடசாலைகளிலேயே நில்லுங்கள்.

பதிவேட்டில் முடிவு நிரல் வெறுமையாக இருக்கும் சேர்வு இலக்கங்களை எண்ணுங்கள். அவற்றைப் பழைய கொப்பியில் விட்டுவிட வேண்டாம். முதலாம் தவணை தொடங்கும் கிழமையில் புதிய கொப்பியின் முதற்பக்கத்தில் அவற்றை எழுதி, அந்தப் பிள்ளைகளின் புதிய வகுப்பாசிரியரிடம் அன்றே காட்டுங்கள்.